கரண்ட் வைத்த பிறகு கட்டி பெரிதாகத் தெரிகிறதே, டாக்டர்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியதால், மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு எலும்பில் அதிக டோஸ் கரண்ட் வைத்தார்கள். வலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் இப்போது எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் கட்டி கொஞ்சம் பெரிதாகியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். டாக்டரோ, ரத்த ஓட்டம் பார்க்கும் இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார். சிகிச்சை பலிக்கவில்லையா? அந்த ஸ்கேன் தேவைதானா, பெட் ஸ்கேன் போதாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது என்பதை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அது நல்ல அறிகுறி. சிகிச்சை பலிக்கவில்லை என்று இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாரும் சொல்ல முடியாது.

கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு அதிக டோஸில் பட்ட இடத்தில் செல்கள் சாகும்போது வீக்கமும் அழற்சியும் வரும். அதனால் முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் படத்தில் கட்டி வளர்ந்த மாதிரியே தெரியலாம், அப்புறம் தானாகவே வடிந்துவிடும். இதைப் 'பொய் வளர்ச்சி' என்போம். எலும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுரையீரலில் இருக்கும் கட்டி செத்தால் சுருங்கும், அளந்து பார்த்தே சொல்லிவிடலாம். முள்ளெலும்பில் புற்று அரித்த இடம், உள்ளே இருந்த செல்கள் எல்லாம் செத்த பிறகும், அதே அளவில் தெரிந்துகொண்டிருக்கும். அளவை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம்.

உங்கள் டாக்டர் சொல்லும் ஸ்கேன் வயல் எவ்வளவு பெரியது என்று அளப்பதில்லை, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கிறது. கையில் ஊசி வழியாகக் கடோலினியம் மருந்தை ஏற்றி, அதே இடத்தைச் சில நிமிடங்களுக்கு விடாமல் படம் எடுப்பார்கள். மருந்து எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது, கட்டிக்குள் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். உயிரோடு இருக்கும் கட்டி தனக்கென்று ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும், கதிர்வீச்சு அவற்றையும் தாக்குகிறது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் சிலருக்குக் கதிர்வீச்சு கொடுத்த ஒரு மணி நேரத்திலேயே இந்த ஸ்கேனை எடுத்துப் பார்த்தபோது, அதற்குள்ளேயே கட்டியின் ரத்த அளவு குறைந்திருந்ததை 2017-இல் வெளியிட்டார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் வடிவம் மாறப் பல மாதம் ஆகும் எலும்பில் இது பெரிய விஷயம்.

கூடவே தண்ணீர் அசைவைப் பார்க்கும் படமும் எடுப்பார்கள், அதற்கு மருந்து வேண்டாம். செல்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகளால் நகர முடியாது, செல்கள் செத்து இடம் விட்டால் தாராளமாக நகரும். ஆனால் கரண்ட் வைத்த எலும்பு மஜ்ஜை நாளாக நாளாகக் கொழுப்பாக மாறும், அங்கேயும் அசைவு குறைவாகத்தான் காட்டும். எனவே அசைவைக் காட்டும் எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது. சாதாரண எம்.ஆர்.ஐ.யிலேயே வரும் டி-1 என்ற வகைப் படத்தில் அதே இடம் வெளுத்திருந்தால் அது கொழுப்பு, நல்ல செய்தி.

சரி, எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் சிலவற்றைக் கேட்டுக்கொண்டு போங்கள். கரண்ட் வைப்பதற்கு முன்பு இதே ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா? ஒப்பிட அதுதான் வேண்டும், நம்மில் பலருக்கு அது இருப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பழைய படங்களைக் குறுந்தகட்டில் வாங்கி எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள், மெஷினுக்கு மெஷின் எண்கள் மாறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்திருக்க வேண்டும். முதுகில் டைட்டானியம் ஸ்க்ரூ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது படத்தைக் கெடுக்கும்.

இந்த வசதி பக்கத்தில் இல்லையென்றால் கடன் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம். அம்மாவுக்குத் தொந்தரவு எதுவும் இல்லாதவரை, உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து சாதாரண எம்.ஆர்.ஐ.யையே மறுபடி எடுத்துப் பார்ப்பதும் சரியான வழிதான். இப்படி அதிக டோஸ் கொடுத்தவர்களுக்கு முதல் ஒன்று, ஒன்றரை வருடம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி 2015-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழுவே பரிந்துரைத்திருக்கிறது. பெட் ஸ்கேனில் அழற்சியும் ஒளிரும், தண்டுவடம் நசுங்குகிறதா என்பதும் எம்.ஆர்.ஐ. அளவுக்குத் தெளிவாகத் தெரியாது. இந்தக் கேள்விக்கு அதை முதலில் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஒன்றில் மட்டும் காத்திருக்காதீர்கள். கால் தளர்ந்து நடை தடுமாறினாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ ராத்திரி என்றாலும் கூட்டிப் போங்கள். எழும்போதும் திரும்பும்போதும் திடீரென்று புதிதாக வலி பிடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், கரண்ட் வைத்த எலும்பு வலுவிழந்து நொறுங்கியிருக்கலாம்.