போர் நடந்தபோதும் ஒயின் தயாரிப்பை விடாத குடும்பம் ஏதாவது உண்டா?

உண்டு, லெபனானின் ஹோஷார் குடும்பம். காஸ்டன் ஹோஷார் 1930-இல் பெய்ரூட்டுக்கு வடக்கே கசீர் என்ற ஊரில் ஷாட்டோ முசார் ஆலையைத் தொடங்கினார். 1959-இல் மூத்த மகன் செர்ஜ் தயாரிப்பைக் கையில் எடுத்தார். அப்புறம் தம்பி ரொனால்ட் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், ஆலை மலைக்கு இந்தப் பக்கம், தோட்டங்கள் அந்தப் பக்கம். சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெக்கா பள்ளத்தாக்கிலிருந்து லாரியில்தான் பழம் வர வேண்டும். 1975-இல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் அந்தச் சாலை போர்முனைகளைக் கடக்கும் சாலையாகிவிட்டது. அப்படியும் 1976-இல் மட்டும்தான் ஒயினே தயாரிக்க முடியாமல் போனது. 1984-இல் லாரிகள் சுற்றுவழியில் நாள்கணக்கில் அலைந்து வந்து சேர்வதற்குள், திராட்சை வண்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. செர்ஜ் அதையும் கொட்டிவிடாமல் ஒயினாக்கினார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

போரால் உள்நாட்டு விற்பனை படுத்துவிட்டது. 1979-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சியில் கிடைத்த பாராட்டுதான் வெளிநாட்டுச் சந்தையைத் திறந்துவிட்டது.

சிவப்பு ஒயினுக்குக் காபர்நே சாவிஞோன், சின்சோ, கரிஞான் ஆகிய ஐரோப்பியத் திராட்சை ரகங்கள். வெள்ளைக்கோ ஒபைதே, மெர்வா என்ற லெபனானின் சொந்த ரகங்கள். என்னைக் கேட்டால் முசாரின் உண்மையான பெருமை இவைதான். அறுவடையான ஏழாவது ஆண்டில்தான் முதன்மைச் சிவப்பு ஒயின் விற்பனைக்கு வரும். செர்ஜ் 2014 இறுதியில் காலமானார். இப்போது அடுத்த தலைமுறை நடத்துகிறது.