மாணிக்கத்தின் கோணல் கால்

கேள்வி: என் சித்தி மகன் துபாய்க்கு வேலைக்குப் போகும்போது, தான் வளர்த்த இக்வானா என்ற பெரிய பல்லியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். பெயர் மாணிக்கம், வயது நாலு. வலது பின்னங்கால் வளைந்திருக்கிறது. இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. வால் பாதியில் அறுந்து, அந்த இடத்தில் கறுப்பாக வேறு வால் முளைத்திருக்கிறது. கிளையில் ஏறினால் சறுக்கி விழுகிறான். ஜன்னலோரம் வெயில் படும்படி கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். தினமும் அரைக்கீரை, எப்போதாவது அவித்த முட்டை கொடுக்கிறோம். காலை நிமிர்த்த முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் ‘இது உடும்பு, போலீஸ் வரும்’ என்கிறார். அம்மாவோ ஊனமான பல்லி வீட்டுக்கு ஆகாது என்கிறார்.
– பெயர் வேண்டாம், நரிமேடு, மதுரை

பதில்: கால் நிமிராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் யாராவது இந்நேரம் நல்லெண்ணெய் தடவி நீவிவிட ஆரம்பித்திருக்கலாம். வேண்டாம். கோணலாகவே கூடிப்போன பழைய எலும்பு அது. எலும்பு இன்னும் பலவீனமாக இருந்தால், நீவுகிற கையிலேயே ஒடிந்துவிடும்.

கால் ஏன் வளைந்தது என்பதுதான் இப்போது முக்கியம். குட்டியாக இருந்தபோது கால்சியமும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரும் போதாமல் போயிருக்கும். வளர்ப்பு இக்வானாக்களுக்கு வருகிற வழக்கமான கோளாறு இது. அந்தக் காரணம் உங்கள் வீட்டிலும் தொடர்கிறது என்பதுதான் என் கவலை. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், யுவிபியை விடாது. நானும் ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்தவன்தான். மாதக்கணக்கில் ஜன்னலோரம் வைத்துவிட்டு, ‘நல்ல வெயில் காட்டுகிறேன்’ என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மதுரையில் வெயிலுக்கா பஞ்சம்! காலை 7 மணியிலிருந்து எட்டரை வரை மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டில் விடுங்கள். பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்கட்டும், நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடித் தொட்டியோடு தூக்கிப்போய் வெயிலில் வைத்தால் வெந்துவிடுவான். வீட்டுக்குள் ஊர்வனவற்றுக்கான யுவிபி டியூப் ஒன்று வேண்டும். அது எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் யுவிபி குறைந்துபோயிருக்கும். அதனால் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள்.

முட்டையை இன்றே நிறுத்துங்கள். இக்வானா முழுச் சைவம், முட்டையும் கறியும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அரைக்கீரை, சிறுகீரை, பாலக் மூன்றிலும் ஆக்சலேட் அதிகம், இருக்கிற கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாது. கீரைக்காரம்மாவிடம் முருங்கைக் கீரையும் அகத்தியும் கேளுங்கள். செம்பருத்தி இலையும் பூவும் கொடுத்தால் ஆசையாகத் தின்பான். பூசணி, பீர்க்கங்காயைத் துருவிப் போடலாம். கால்சியம் பவுடர் எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். நாம் சாப்பிடுகிற வைட்டமின் டி மாத்திரையைப் பொடித்துத் தூவாதீர்கள், மிஞ்சினால் அதுவே விஷம்.

விழுவதற்கு வருவோம். உயரமான கூண்டு இவனுக்கு ஆகாது. அகலமாக, இரண்டடி உயரத்துக்குள் செய்யுங்கள். சரிவான பலகையில் ஏணி மாதிரி குறுக்குச் சட்டம் அடித்தால் இருக்கிற விரல்களால் பிடித்து ஏறிவிடுவான். கட்டை விரல் தடிமனுக்கு மேல் உள்ள கொய்யாக் கிளை வையுங்கள், முருங்கைக் கிளை சட்டென்று ஒடியும். சாக்கு விரிக்காதீர்கள், அதன் பிரி விரலில் சுற்றிக்கொள்ளும். சூடேற்றும் பல்பு இருந்தால் வலை போட்டு மூடி வையுங்கள். சூடு தாங்காமல் சட்டென்று நகர நல்ல கால் வேண்டுமே. சித்திரை, வைகாசியில் அந்தப் பல்பே தேவைப்படாது.

விரல்கள் போனதற்குப் பெரும்பாலும் அவன் உரிக்கிற சட்டைதான், அதாவது பழைய தோல்தான் காரணமாக இருக்கும். இக்வானாவுக்கு ஈரக் காற்று வேண்டும், நம் ஊர்க் காற்றோ வறண்டது. உரிந்த தோல் விரலைச் சுற்றி நூல் மோதிரம் மாதிரி காய்ந்து நிற்கும். ரத்தம் ஓடாமல் விரல் கறுத்து விழுந்துவிடும். மீதி விரல்களை இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள். அப்படித் தோல் சுற்றியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஈரப் பஞ்சால் உருட்டி எடுங்கள். காய்ந்ததைப் பிய்க்கக் கூடாது. தினம் இரண்டு முறை தண்ணீர் தெளித்தால் இந்த வேலையே குறையும்.

வால் பற்றிக் கவலை வேண்டாம். முளைத்த வாலுக்குள் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். நிறமும் செதிலும் அப்படித்தான் மாறியிருக்கும்.

ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பக்கத்து டாக்டர் நாய், மாடு மட்டும்தான் பார்ப்பார் என்றால், தேனியிலும் திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, விசாரியுங்கள். முதுகெலும்பும் இடுப்பும் வளைந்திருக்கிறதா என்று கேளுங்கள். வளைந்திருந்தால் மலச்சிக்கல் வரும். மாணிக்கம் உண்மையில் பெண்ணாக இருந்தால் முட்டை உள்ளேயே தங்கிவிடும், ஆண் துணை இல்லாமலும் முட்டை வைக்கும். விரல் நடுங்கினாலோ, தாடை வீங்கி ரப்பர் மாதிரி வளைந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தொட்ட பிறகு எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கும். தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவ வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பஞ்சாங்கத்தில் பலன் எழுதியிருப்பது நம் சுவர்ப் பல்லிக்கு. அமெரிக்கக் காட்டுக்காரனுக்கு யாரும் பலன் எழுதவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. உடும்பை வீட்டில் வளர்ப்பது குற்றம். இது உடும்பு இல்லைதான், ஆனால் இக்வானாவையும் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இன்றைக்கே துபாய்க்கு ஒரு போன் போட்டு, பதிவு செய்தானா என்று கேளுங்கள்.