கேளுங்க, அக்கா சொல்றேன்: புள்ள மண்டைய இடிச்சுக்கிட்டா…

நம்ம பர்மாவுல ஸ்கூல் லீவு விட்டாலே எனக்கு வர்ற கேள்வி மாறிடும். தண்ணித் திருவிழா, மாங்கா சீசன், புள்ளைங்க மரத்துல பாதி வீட்டுல பாதி. இந்த தடவ வந்ததுல பாதிக்கு மேல தலையில அடிபட்ட கதைதான், அதனால வேற கேள்வி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாப்போம்.

அக்கா, என் மகனுக்கு ஒன்றர வயசு. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது மண்டைய இடிச்சுக்கிறான். நான் சரியா பாத்துக்கலன்னு மாமியா திட்டுறாங்க. மத்த புள்ளைங்களும் இப்படித்தானா? (தட்டோன் வாசகி)

இப்படித்தான் தங்கச்சி. பொறந்த கொழந்தைக்கு மொத்த நீளத்துல நாலுல ஒரு பங்கு தலதான், நமக்கு எட்டுல ஒரு பங்குகிட்டதான் வரும். அந்தக் கணக்குல நமக்கு தல இருந்துச்சுன்னா தோள் மேல ஒரு பலாப்பழத்த வெச்சுக்கிட்டு நடக்குற மாதிரி இருக்கும், அதுவும் கழுத்துல பலம் இல்லாம, கால் இன்னும் நேரா நிக்க பழகாம. அப்ப தடுக்குனா எது முன்னாடி போகும்? தலதான். பெரியவங்க விழும்போது கை தானா முன்னாடி வந்து ஊனிக்கும், இந்த வயசுல அந்த கை லேட்டாத்தான் வரும்.

உங்க மாமியாகிட்ட இதயும் சொல்லுங்க. அமெரிக்காவுல 25 ஆஸ்பத்திரில, தலையில அடிபட்டு, ஆனா நல்லா முழிச்சு நெனவோட வந்த 42,412 புள்ளைங்கள கவனிச்சு 2009ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. அதுல மூளையில பெரிய காயம்னு இருந்தது 376 பேருக்கு, ஆபரேஷன் வரைக்கும் போனது 60 பேர். நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல. நெனவில்லாம வந்த புள்ளைங்க இந்தக் கணக்குல சேராதுங்கறதயும் மறந்துடாதீங்க.

அதுக்காக விட்டுடவும் கூடாது. உங்க ஊருப்பக்கம் பலகை வீடு, படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும், மேலயும் கீழயும் ஒரு தடுப்பு அடிச்சு வெய்யுங்க. மாமியா கையிலயே சுத்தியல குடுங்க, கொஞ்ச நாளைக்கு திட்டு நிக்கும்.

என் பேத்தி, மூணு வயசு, கட்டில்லருந்து விழுந்து நெத்தியில எலுமிச்சம்பழம் சைசுக்கு பொடச்சிருச்சு. அவ அப்பத்தா காப்பித்தூள அப்பி அதுக்கு மேல தனக்கா மரப்பட்டையவும் அரச்சு பூசிட்டா. தூங்கவிடக்கூடாதுன்னு ராத்திரி முழுக்க புள்ளய உக்கார வெச்சிருந்தோம். செஞ்சது சரியா அம்மா? (மோல்மேன் தாத்தா)

ஐயா, அன்னிக்கு ராத்திரி புள்ளய விட அப்பத்தாதான் பாவம். நெத்தி தோலுக்கு அடியில ரத்த ஓட்டம் ரொம்ப ஜாஸ்தி, அதுக்கு உள்ள உடனே எலும்பு, அதனால கசியிற ரத்தம் வெளியதான் தள்ளும், அஞ்சு நிமிஷத்துல எலுமிச்சம்பழம் வந்துரும். பாக்க பயமா இருக்கும், ஆனா நெத்தி பொடப்பு பெரும்பாலும் வெறும் பொடப்புதான். எனக்கு பயம் காதுக்கு மேல பக்கவாட்டுல அடிபட்டாத்தான். அங்க எலும்பு மெல்லிசு, உள்பக்கமா ஒரு ரத்தக்குழா ஓடுது, அது கிழிஞ்சா புள்ள கொஞ்ச நேரம் நல்லா வெளையாடிக்கிட்டே இருந்துட்டு அப்புறம் திடீர்னு மங்கிடும். அதுனாலதான் பொடப்பு எவ்ளோ பெருசுன்னு அளந்துக்கிட்டு இருக்காம புள்ள எப்படி இருக்குன்னு பாக்க சொல்றேன்.

தூங்கலாம் ஐயா. அழுது களச்ச புள்ள தூங்கத்தான் செய்யும். விழுந்த ஒடனே அழுது, அப்புறம் சிரிச்சு, சாப்ட்டு, எப்பவும் போல இருந்தா தூங்கவிடுங்க, மொத ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு ஒருதரம் லேசா எழுப்பி உங்கள தெரியுதா, சிணுங்குதா, கை கால் சரியா அசையுதான்னு பாத்தா போதும். எழுப்பியும் எழும்பலன்னா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா (அழுத அழுகையில ஒருதரம் எடுக்கறது சகஜம்), வலிப்பு வந்தா, காதுலருந்தோ மூக்குலருந்தோ தண்ணியா ஒழுகுனா, ஒரு கண்ணுமணி பெருசு ஒண்ணு சின்னதா தெரிஞ்சா, நட தள்ளாடுனா, ஆள் அடையாளம் கொழம்புனா, இதுல எது ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. ஒரு வயசுக்குள்ள கைக்கொழந்தைன்னா தலையில அடி பலமா பட்டாலே கொண்டு போயி காமிச்சிருங்க, அதுக்கு சொல்லத் தெரியாது.

காப்பித்தூள் வேணாம், தோல் கிழிஞ்சிருந்தா டாக்டர் தையல் போடறதுக்கு முன்னாடி அதயெல்லாம் கழுவி எடுக்கணும். கிழியாத தோல்ல தனக்கா பூசுனா கெடுதல் இல்ல, வாசனையா இருக்கும், அவ்ளோதான். ஐஸ்கட்டிய துணியில சுத்தி ஒரு கால்மணி நேரம் ஒத்துனா வீக்கம் அடங்கும். வலிக்கு எடைக்கு ஏத்த பாரசிட்டமால், ஆஸ்பிரின் மட்டும் குடுத்துறாதீங்க.

மச்சான் மலேசியாலருந்து சக்கரம் வெச்ச வாக்கர் அனுப்பிச்சிருக்காரு. மகளுக்கு எட்டு மாசம். உக்கார வெச்சா சீக்கிரம் நடப்பாளா? (பெகு வாசகர்)

நடக்க மாட்டா தம்பி, உருளுவா. கனடாவுல 2004லயே இத விக்கவே தடை போட்டுட்டாங்க. அமெரிக்காவுல 1990லருந்து 2014 வரைக்கும் வாக்கரால அடிபட்டு எமர்ஜென்சிக்கு வந்த புள்ளைங்க சுமாரா 2,30,000, அதுல பத்துல ஒம்போது பேருக்கு மேல தலையிலயோ கழுத்துலயோதான் அடி, முக்காவாசி படியில உருண்டது. ஒரு செகண்டுல மூணடிக்கு மேல போயிரும், நீங்க பக்கத்துல நின்னாலும் எட்டிப் பிடிக்க முடியாது. மச்சான் மனசு நோகாம உக்கார வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டு சக்கரத்த கழட்டிருங்க. தரையில பாய போட்டு விடுங்க, அவளே எந்திரிப்பா.

மகனுக்கு 7 வயசு. பைக்ல முன்னாடி டேங்க் மேல உக்காந்து வருவான். சின்ன சைசு ஹெல்மெட் கெடைக்கல, என்னோடத போட்டு விடலாமா? (மண்டலை வாசகர்)

ரங்கூன்ல 2003லருந்து பைக்குக்கு தடை, அதனால இங்க உள்ளவங்களுக்கு இந்தக் கேள்வியே புரியாது, ஆனா மண்டலையில புருஷன் பொண்டாட்டி ரெண்டு புள்ள ஒரு அரிசி மூட்டன்னு ஒரே வண்டியில போறத நான் கண்ணால பாத்திருக்கேன். மொதல்ல அந்த டேங்க் சீட்டுலருந்து எறக்குங்க. பிரேக் போட்டா மொத அடி அவனுக்கு, பின்னாலருந்து உங்க உடம்பு வந்து அமுக்குறது ரெண்டாவது அடி.

உங்க ஹெல்மெட் வேணாம், அவன் தலையில அது சட்டி மாதிரி சுத்தும், விழும்போது கழண்டு தனியா ஓடும். போட்டு, வாரு மாட்டி, தலய ஆட்டுனா ஹெல்மெட்டும் கூடவே ஆடணும், தனியா ஆடக்கூடாது, வாருக்கும் தாடைக்கும் நடுவுல ரெண்டு வெரலு போற எடம்தான் இருக்கணும். அந்த சைசு கெடைக்கிற வரைக்கும் லைன் கார்ல (பல பேர் சேந்து போற வாடகை வண்டி) கூட்டிட்டு போங்க. சரியா போட்ட ஹெல்மெட் தலைக்காயத்த 69 சதவீதம், சாவ 42 சதவீதம் கொறைக்குதுன்னு பல நாட்டு ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து பாத்து சொல்லியிருக்காங்க. வார மாட்டாம தலையில கவுத்திக்கிட்டு போறவங்களுக்கு இந்தக் கணக்கு இல்ல. கோயிலுக்கு போறப்ப பூ நசுங்கிடும்னு ஹெல்மெட்ட மடியில வெச்சுக்கிட்டு போற அக்காமாருங்களே, நான் உங்களத்தான் சொல்றேன்.

சின்ன வயசுல வீட்டுக்குள்ள விழறதுதான் அதிகம், அஞ்சாறு வயசுக்கு மேல மரம், சைக்கிள், ரோடு, மீசை மொளைக்கிற வயசுல பைக்கு. எல்லா ஊருலயும் பொம்பளப்புள்ளைங்கள விட பசங்கதான் ஜாஸ்தி அடிபடுறானுங்க. நடுவுல நம்ம ஆளுங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு, கோயில்ல சூறைத்தேங்கா ஒடச்சா பொறுக்குறதுக்கு பாஞ்சு ரெண்டு மண்டையும் மோதிக்கிறது.

அக்கா, எனக்கு 12 வயசு. ஃபுட்பால் ஆடும்போது கோல் போஸ்ட்ல தலைய இடிச்சிட்டேன். ரெண்டு நாளா தலைவலி, வெளிச்சம் பாத்தா கண்ணு கூசுது. சனிக்கிழம மேட்ச் இருக்கு. அம்மாகிட்ட சொல்லல. (ரங்கூன்)

கண்ணு, உனக்கு அன்னிக்கே போன்ல பதில் சொல்லிட்டேன், மத்த பசங்களுக்காகத்தான் இங்க போடுறேன். இது மூளை குலுங்குனது. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது, ஆனாலும் உள்ள அடி பட்டதுதான். ஒரு நாள் ரெண்டு நாள் நல்லா ரெஸ்ட், போன கையில எடுக்காம, அப்புறம் மெதுவா ஸ்கூல். பெரும்பாலும் நாலு வாரத்துக்குள்ள சரியாயிடும். தலைவலி முழுசா நின்னு டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் மைதானத்துப்பக்கம் போகக்கூடாது, ஆறாத மூளையில இன்னொரு அடி பட்டா அது ரொம்ப மோசமாயிடும். அம்மா திட்டுவாங்கதான், திட்டட்டும், இன்னிக்கே சொல்லிரு. சனிக்கிழம கோலுக்கு ஆள் இல்லன்னா உங்க மாமாவ நிக்க சொல்லு, ஹெல்மெட் போட்டுக்கிட்டு.