மூச்சுக்குழாயில் வைக்கும் சிலிகான் ஸ்டென்ட் நசுங்கிவிடுமா?

கேள்வி: பைக் விபத்துக்குப் பின் என் அண்ணன் மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்தார். இப்போது மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது. இரண்டு முறை பலூன் வைத்து விரித்தும் மறுபடி சுருங்குகிறது. சிலிகான் ஸ்டென்ட் (சுருங்கிய இடத்தைத் திறந்து பிடிக்கும் குழாய்) வைக்கச் சொல்கிறார்கள். ரப்பர் மாதிரி இருக்கிறதே, நசுங்காதா? கம்பி ஸ்டென்ட்தான் சுலபம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. மூச்சுக்குழாயைச் சுருக்கும் தழும்பின் அமுக்கத்தைத் தாங்கத்தான் அதன் சுவரைத் தடிமனாகச் செய்கிறார்கள். மடித்துத்தான் உள்ளே கொண்டுபோவோம். விட்ட இடத்தில் விரிந்து நிற்கும். பிரான்சின் டாக்டர் துமோன் 1990-இல் வெளியிட்ட வடிவத்தில், நழுவாமல் பிடிக்க வெளிப்புறம் மொட்டு மொட்டாகப் புடைப்புகள் உண்டு. நசுங்குவதைவிட இடம் நகர்வதும் சளி அடைப்பதும்தான் தொல்லை.

அந்தத் 'தெரிந்தவர்' யார்? திருவனந்தபுரத்தில் பெட் பிடித்துத் தருகிறேன், பில்லைக் குறைக்கிறேன் என்று சுற்றுபவரானால் நம்பாதீர்கள். சிலிகான் வைக்க முழு மயக்கமும் விறைப்பான பிராங்கோஸ்கோப்பும் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவி) பழகிய கையும் வேண்டும். கம்பிக்கு அவ்வளவு தேவையில்லை, அதனால்தான் 'சுலபம்'. கம்பி வலைக்குள் சதை வளர்ந்தால் எடுப்பது பெரும்பாடு. புற்றுநோய் இல்லாத சுருக்கத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் மட்டும் கம்பி என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. யார் வைத்தாலும் "இதை எப்போது வெளியே எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் வேறு கணக்கு. சுருக்கம் குரல் நாணுக்கு ஒட்டிக் கீழே இருந்தால் நேர்க் குழாயான இந்த ஸ்டென்ட் அங்கே நிற்காது. நகரும், நாணில் உரசும், குரல் கெடும். அதற்கு கழுத்தில் துளையிட்டு வைக்கும் டி வடிவச் சிலிகான் குழாய் உண்டு. கழுத்தில் ஓட்டையா என்று பலர் ஓடுகிறார்கள். ஓடாதீர்கள்; வெளிமுனையை மூடிவிட்டுப் பேசலாம். அதனால் சுருக்கம் நாணிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேன் பார்த்த டாக்டரிடமே கேளுங்கள்.

வென்டிலேட்டரிலிருந்து வந்தவருக்கு இழுப்பு என்றால் ஆஸ்துமா பம்ப் எழுதி மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள். 'மூச்சுத் திணறினால் மூச்சுக்குழாயைப் பாருங்கள்' என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி எழுத ஏன் யாருக்கும் கை வருவதில்லை?

வைத்த பிறகு உப்புநீர் நெபுலைசரை நிறுத்தக் கூடாது. திடீரென மூச்சு முட்டினாலோ குரல் மாறினாலோ விடியும்வரை காத்திராதீர்கள். ஸ்டென்டின் அளவும் இடமும் எழுதிய தாளை வாங்கி அண்ணன் பையிலேயே வையுங்கள். அவசரப் பிரிவில் அதை முதலில் காட்டுங்கள்; தெரியாமல் தொண்டை வழியாகக் குழாய் விட்டால் ஸ்டென்ட் நகர்ந்துவிடும்.