விருந்தாளிக்கு வைஃபை: கேட்டதும் சொன்னதும்

சென்னையில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளியிலிருந்து வருபவர்களுக்கான இணைய வசதி பற்றி வந்த கேள்விகள் இவை.

சார், ஒரு நாள் செமினார்தானே. பாஸ்வேர்டை வாசலில் எழுதி ஒட்டினால் என்ன?

ஒட்டிவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு எங்கள் ஐபி முகவரியிலிருந்து யாரோ ஒரு மிரட்டல் மெயில் அனுப்பினால், போலீஸ் எங்களிடம்தான் வரும். வைஃபை பயன்படுத்துபவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009-லேயே சொல்லிவிட்டது. யார் எப்போது இணைந்தார் என்ற லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு. ஓடிபி கேட்பது அதனால்தான், உங்கள் மேல் சந்தேகப்பட்டு அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆய்வரங்குக்கு வருகிறேன். இலங்கை இலக்கத்துக்கு ஓடிபி வருமா?

நம்பி வராதீர்கள் ஐயா. பல லாகின் பக்கங்கள் பத்து இலக்க இந்திய எண்ணை மட்டும்தான் ஏற்கும். உங்கள் பல்கலைக்கழகமும் நீங்கள் வரும் கல்லூரியும் எடுரோமில் இருந்தால் கவலையே இல்லை; சொந்த நிறுவன ஐடியை வைத்தே மற்ற கல்வி நிறுவனங்களிலும் வைஃபை பெறும் ஏற்பாடு அது. இந்தியாவில் அதை எர்நெட் நடத்துகிறது, இலங்கையில் லேர்ன்; இரண்டும் கல்வி நிறுவனங்களுக்கான நெட்வொர்க் அமைப்புகள். உங்கள் ஐடியில் '@'-க்குப் பின்னால் உள்ள பெயரைப் பார்த்து, எங்கள் சர்வர் கேள்வியை உங்கள் ஊருக்கு அனுப்பும். "எங்கள் ஆள்தான்" என்று பதில் வந்தால் கதவு திறக்கும். சரியாக அமைத்திருந்தால் பாஸ்வேர்டு எங்கள் கண்ணிலேயே படாது.

ஒரு பொறி இருக்கிறது. சொந்த வளாகத்தில் '@' பகுதி இல்லாமலே சில சமயம் வேலை செய்யும். இங்கே வந்தால் எந்த ஊருக்குக் கேட்பது என்று எங்கள் சர்வருக்குத் தெரியாது. முழு ஐடியைப் போட்டு, அங்கேயே ஒருமுறை சோதித்துவிட்டு விமானம் ஏறுங்கள். எடுரோம் இல்லையென்றால், அழைத்த துறையிடம் கெஸ்ட் ஐடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அண்ணா, வைஃபை கனெக்ட் ஆகிறது, லாகின் பக்கம் மட்டும் வரவில்லை.

விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' அமைப்பில் ஏதாவது பெயர் போட்டிருந்தால், அதையும் அணைத்துப் பாருங்கள். அப்புறம் முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்காத, வெறும் எச்டிடிபி (http) தளம் ஒன்றைத் திறங்கள். பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் தளத்தை எங்கள் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியாது; பிரவுசர் சண்டைக்கு வரும்.

200 பேர் வரும் சிம்போசியம். எப்போது கேட்க வேண்டும்?

முதல் நாள் மாலை ஆறு மணிக்கு அல்ல! ஒரு வாரம் முன்பே பட்டியலும் அரங்கின் பெயரும் வேண்டும். ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்றால் 400 கருவிகள். அரங்கில் வைஃபை தரும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட் அதைத் தாங்குமா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அவ்வளவு எதற்கு, என் ஐடியையே கொடுத்துவிடுகிறேனே?

தம்பி, அந்த 180 நாள் லாகில் உன் பெயர்தான் இருக்கும்.