வரப்போகும் பைக்குக்கு இப்போதே முற்பணம் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் சேர். எனக்கு 29 வயது, கல்முனையில் தனியார் கம்பனியில் வேலை. சம்பளம் கைக்கு 95,000 வருகிறது. வீட்டுச் செலவு 60,000, சேமிப்பு 25,000. வங்கியில் 9 இலட்சம் ஒரு வருட நிலையான வைப்பில் 8 வீத வட்டிக்கு இருக்கிறது, முடிய இன்னும் நாலு மாதம். அம்மாவின் காப்புகள் மூன்றரை இலட்சத்துக்கு அடகில், வட்டி 15 வீதம். வெளிநாட்டில் ஒரு கம்பனி ஃபிளாட் ட்ராக் ரேஸ் பைக் பாணியில் 400 சீசீ பைக் ஒன்று விடப்போகிறது. ஒரு வருடமாக அதன் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொழும்பில் ஒருவர், "14 இலட்சமளவில் வரும், இப்போது 2 இலட்சம் கட்டினால் முதல் லொட்டில் ஒன்று தருகிறேன், கட்டிய காசு திரும்பாது" என்கிறார். வைப்பை உடைத்து 7 இலட்சம் போட்டு, மீதி 7 இலட்சத்தை நாலு வருட லீசிங்கில் எடுக்கலாமா? (கல்லடி வாசகர்)

பதில்: தம்பி, பைக்கின் பெயரை நான்தான் எடுத்துவிட்டேன். எந்தக் கம்பனியாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: அந்த 2 இலட்சத்தைக் கட்டாதீர்கள். ஆசைப்படுவதற்கும் காத்திருப்பதற்கும் காசு தேவையில்லை. வைப்பில் கிடந்தால் காத்திருக்கும் காலத்துக்கு வட்டியாவது வரும்.

14 இலட்சம் என்பது இன்று யாருக்கும் தெரியாத விலை. பைக் இன்னும் கடைக்கே வரவில்லை. வந்தாலும் டொலரில் வாங்கி, சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை எல்லாம் ஏறி, கடைசியில் அந்த மொத்தத்துக்கும் 18 வீத வற் விழும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் இப்படி ஏதாவது நடந்தால் யார் தலையில் விழும்? "திரும்பாது" என்று அவரே சொல்லிவிட்டாரே.

இந்த வகை பைக்கின் மோகம் எனக்கும் புரியாததல்ல. ஃபிளாட் ட்ராக் என்பது மண் ஓவல் ட்ராக்கில் முன் பிரேக்கே இல்லாமல் இடப்பக்கம் சரித்துக்கொண்டு போகும் ரேஸ், பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். "இந்தியன்" என்ற அமெரிக்க பைக் கம்பனியின் எஃப்டிஆர் 1200க்கு நடந்ததைப் பாருங்கள். 2017இல் அவர்களுடைய எஃப்டிஆர்750 ரேஸ் பைக் அமெரிக்க ஃபிளாட் ட்ராக் சாம்பியன் பட்டத்தை எடுத்தது. அதே வருடக் கடைசியில் தெருவில் ஓட்டக்கூடிய மாதிரி ஒன்றைக் காட்டினார்கள், 2018 ஒக்டோபரில் பைக்கை அறிமுகப்படுத்தினார்கள், அமெரிக்க விலை 12,999 டொலரில் தொடங்கியது. ரேஸ் பைக்கின் சாயலுக்காக முன்னே 19, பின்னே 18 அங்குலச் சில்லு. 2022 மொடலில் சாதாரண வீதி பைக்குகளைப் போல 17க்கு மாற்றினார்கள். முதல் லொட்டில் வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியவராது.

சில்லு அளவு காசு விஷயமும்தான். நம்முடைய கடைகளில் கிடைக்காத அளவு டயர் என்றால், ஒவ்வொரு முறையும் கொழும்புக்குச் சொல்லி எடுக்க வேண்டும். கல்லடியில் கடல் உப்புக்காற்று வேறு, மார்கழி மழையில் கட்டையான மட்கார்ட் முதுகுவரை சேற்றை அடிக்கும். உங்கள் கராஜ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அவர் கை வைக்கத் தயங்கும் பைக் என்றால் பராமரிப்புச் செலவு நீங்கள் நினைப்பதைத் தாண்டும். இன்சூரன்ஸ் எல்லோருக்கும் உள்ளதுதான், அதை விடுவோம்.

அப்புறம் லீசிங். லீசிங்காரர் "14 வீதம்" என்று சொன்னால் அது பெரும்பாலும் ஃபிளாட் வட்டி. 7 இலட்சத்துக்கு நாலு வருடத்தில் வட்டி 3,92,000, மாதக் கட்டுக்காசு 22,750. நீங்கள் மாதாமாதம் முதலையும் கட்டிக் குறைக்கிறீர்கள், ஆனால் வட்டி முழு 7 இலட்சத்துக்கும் கடைசிவரை ஓடும். உண்மையான வட்டி வருடத்துக்குச் சுமார் 24 வீதம். உங்கள் சேமிப்பு 25,000. பெற்றோலுக்கும் சேவிஸுக்கும் மிஞ்சுவது என்ன? கட்டி முடியும்வரை பைக்கின் முழு உரிமை லீசிங் கம்பனியிடம் என்பதையும் மறக்க வேண்டாம், சில மாதம் தவறினால் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

முதலில் அம்மாவின் காப்புகள். 8 வீதத்துக்கு வைப்பு வைத்துக்கொண்டு 15 வீதத்துக்கு அடகு வட்டி கட்டுவதில் வருடம் 24,500 ரூபாய் சும்மா போகிறது. இதை ஏன் நீங்கள் ஒரு கேள்வியாகக்கூட கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இப்போது உடைத்தால் வட்டியில் வெட்டுவார்கள், நாலு மாதம் பொறுத்து வைப்பு முடிந்த அன்றே காப்புகளை மீட்டுவிடுங்கள். மீதி ஐந்தரை இலட்சத்தில் 3 இலட்சம் தொடாத காசு, நோய் நொடி, வேலை போனால் என்று. இரண்டரை இலட்சம் பைக்குக்கு. சேமிக்கும் 25,000த்தோடு, மிஞ்சும் அடகு வட்டி 4,375ஐயும் சேர்த்துப் போட்டால் இரண்டு வருடத்தில் ஒன்பதரை இலட்சம் கையில், வட்டி தனி.

அப்போது பைக் வந்திருக்கும், விலை தெரிந்திருக்கும், முதல் லொட்டின் குறைகளும் வெளியே வந்திருக்கும். பாவித்தது ஒன்று விற்பனைக்கு வந்தாலும் வரும். உண்மையிலேயே 14 இலட்சம்தான் என்றால் நாலரை இலட்சம் மட்டும் மூன்று வருட லீசிங் எடுங்கள். அதே 14 வீதத்தில் மாதம் 17,750, மொத்த வட்டி 1,89,000. நான் அதையும் விரும்பமாட்டேன், ஆனால் 31 வயதில் இந்த பைக்கில் பாசிக்குடா போகாதே என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

கொழும்புக்காரர் திரும்ப அழைத்தால், பைக் வராவிட்டாலோ விலை 14ஐத் தாண்டினாலோ காசு முழுதாகத் திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு அழைக்கமாட்டார்.

இன்னொன்று. வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள் அல்லவா? வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். உங்கள் சம்பளமும் வட்டியும் சேர்ந்தாலும் அதற்குள்தான் நிற்கிறது. புதிய வைப்புப் போடும்போது கவுண்டரில் கேட்டு வாங்கி நிரப்புங்கள், அவர்களாக எடுத்துத் தரமாட்டார்கள்.