புதுச் செயின் போட்ட பிறகு மிதிக்கும்போது நழுவுவது பற்றி

வணக்கம். மூன்று வருடம் ஓடிய 8 கியர் சைக்கிளில் செயினை மட்டும் மாற்றியதாகவும், அன்றிலிருந்து மேட்டில் அழுத்தி மிதித்தால் டக்கென்று நழுவுவதாகவும், கியர் கேபிளை எவ்வளவு திருகியும் சரியாகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கேபிளை விட்டுவிடுங்கள். சரியாகும்வரை எழுந்து நின்று மிதிக்கவும் வேண்டாம். நான் அப்படி நழுவி ஹேண்டில்பாரில் நெஞ்சை இடித்துக்கொண்டவன்.

எந்தக் கியரில் நழுவுகிறது என்று பாருங்கள். நீங்கள் அதிகம் ஓட்டும் இரண்டு மூன்று கியர்களில் மட்டும் என்றால், கேசட் (பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு) தேய்ந்துவிட்டது. பழைய செயினின் கண்ணிகளைக் கோக்கும் பின்கள் (சிறு ஆணிகள்) தேயத் தேய அது நீளும். பற்களும் அதற்கேற்பத் தேயும். அரை அங்குல இடைவெளி சரியாக உள்ள புதுச் செயின் அந்தப் பள்ளத்தில் உட்காராமல் மேலேறிக் குதிக்கிறது. கேசட்டை மாற்றுவதுதான் வழி.

எல்லாக் கியரிலும் நழுவினால், செயினைப் பூட்டிய இடத்தில் ஒரு கண்ணி இறுகியிருக்கலாம். பெடலை மெல்லப் பின்னால் சுற்றுங்கள். டிரெய்லியரின் (பின் சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றும் கருவி) சின்னச் சக்கரத்தைத் தாண்டும்போது அந்தக் கண்ணி மட்டும் மடங்காமல் துள்ளும். இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக வளைத்தால் இளகிவிடும்.

இனி மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஒரு பின் ஆணியிலிருந்து இன்னொரு பின் ஆணிக்கு 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடினால் செயினை மாற்றினால் போதும், கேசட் பிழைக்கும். 1/8 வரை விட்டால் பெரும்பாலும் இரண்டும் போகும்.